வெயிலடிக்கும் நாளில் வரும் வெள்ளம்

காவிரி, கொள்ளிடக் கரையில் வெள்ளம் பல நேரம் மழையோடு வருவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். இங்கே ஆடி வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று மணலை வாரி முகத்தில் இறைக்கும். கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிறையும். மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும். ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துவார்கள். மேட்டூர் 120 அடியைத் தொடும். 16 கண் மதகு திறக்கும். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகும் திருச்சிக்குக் கீழே வானத்தில் ஒரு மேகம் இருக்காது. அதனால்தான் எச்சரிக்கை கேட்டும் ஆட்கள் படுகையை விட்டு ஏறுவதில்லை. வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் இந்த ஆற்றுக்கு உதவாது. அறிவிக்கிற எண்ணைப் பார்க்க வேண்டும். அந்த எண் உங்கள் வாசலில் எத்தனை அடி தண்ணீர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணிலிருந்து தொடங்குவோம். ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர். "விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி" என்று செய்தியில் வாசித்தால், ஒவ்வொரு விநாடியும் 28 லட்சம் லிட்டர் கடந்து போகிறது என்று பொருள். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 236-ஐ ஒரே விநாடியில் கவிழ்ப்பது மாதிரி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 8.64 டிஎம்சி. மேட்டூரின் மொத்தக் கொள்ளளவே 93.47 டிஎம்சிதான். அணை 120 அடியில் நிற்கும்போது அதில் இடமே கிடையாது. வருவதை அப்படியே விட்டாக வேண்டும். ஆகவே அணை நிறைந்த பிறகு மேட்டூர் வெளியேற்றத்துக்காகக் காத்திருக்காதீர்கள், பிலிகுண்டுலு வரத்தைப் பாருங்கள். இன்று அங்கே ஏறுகிற எண்தான் அடுத்து மேட்டூரில் திறக்கப்போகிற எண்.

மேட்டூர் எண் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பவானியில் பவானி ஆறு சேர்கிறது. நொய்யல் சேர்கிறது. கரூருக்குப் பக்கத்தில் திருமுக்கூடலூரில் அமராவதி சேர்கிறது. மூன்றிலும் தண்ணீர் ஓடினால் மாயனூரைக் கடக்கும் அளவு மேட்டூரில் விட்டதைத் தாண்டிவிடும். முக்கொம்பு மேலணையில் ஆறு இரண்டாகப் பிரியும்போது பாசனத்துக்கு வேண்டியது காவிரியில் போகும். மிச்சம் கொள்ளிடத்தில் விழும். வெள்ளக் காலத்தில் அந்த மிச்சம்தான் பெரும்பங்கு. பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் தாழ்ந்த தெருக்களில் இருப்பவர்கள் மேட்டூர், பவானிசாகர் எண்களைச் சேர்த்துப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்திலிருந்து பழையாறு வரை கொள்ளிடக் கரையில் இருப்பவர்களுக்கு முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திறக்கும் எண்தான் கணக்கு. அணைக்கரைக்குக் கீழே இருப்பவர்கள் அங்குள்ள கீழணையின் எண்ணைக் கேட்க வேண்டும். நாதல்படுகை, முதலைமேட்டுத்திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்கள் ஆற்றின் இரு கரைகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன. அங்கே கரை உடைய வேண்டியதில்லை, ஆறு நிறைந்தாலே வீட்டுக்குள் தண்ணீர்.

நேரம் எவ்வளவு கிடைக்கும்? கோடையில் வறண்ட மணலில் மேட்டூரிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் முக்கொம்பைத் தொட இரண்டு மூன்று நாள் ஆகிறது. மணல் குடித்துக்கொண்டே வருகிறது. வெள்ளத்தின்போது அந்தக் கணக்கை நம்பாதீர்கள். மணல் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும், ஆழம் கூடியிருக்கும். ஆழம் கூடினால் ஓட்டமும் கூடும். "போன தடவை மூணு நாள் ஆச்சு" என்று சொல்லிக்கொண்டு பம்புசெட்டைக் கழற்றாமல் இருப்பவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான்.

இப்போது கோடு. போன வெள்ளத்தின் சேற்றுத் தடம் ஊரில் எங்காவது இருக்கும்: கோயில் மதில், பாலத் தூண், படித்துறைச் சுவர், பள்ளிக்கூடத் திண்ணை. அதன் பக்கத்தில் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, தேதியையும் அன்றைய கன அடியையும் எழுதுங்கள். இரண்டு வெள்ளங்களுக்கு இரண்டு கோடு இருந்தாலே போதும், அடுத்த அறிவிப்பு வரும்போது தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஓரளவு கணித்துவிடலாம். கோட்டிலிருந்து உங்கள் வீட்டு நிலைப்படி எவ்வளவு உயரம் என்பதை டியூப் மட்டம் வைத்துப் பார்க்கலாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் பத்து மீட்டர் ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கோட்டருகே பிடித்து, மறுமுனையைச் சுவர் சுவராக நகர்த்திக்கொண்டே வந்தால் அரை மணி நேர வேலை. டியூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் தப்பாகும். குமிழி வெளியேறும்வரை தட்டிவிடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மணல் அள்ளிய இடத்திலும் நாணலும் சீமைக் கருவேலமும் மண்டிய இடத்திலும் ஆற்றின் மட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பத்து வருடத்துக்கு முந்தைய கோட்டுக்கு மேலே இரண்டு அடி சேர்த்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கரையோரம் ஒரு குச்சியை நட்டு, ஓர் அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். அரை மணிக்கு இரண்டு அங்குலம் ஏறினால் ஒரு மணிக்கு நான்கு. நிலைப்படிக்கு இன்னும் இரண்டு அடி இருந்தால் ஆறு மணி நேரம். அந்த ஆறைப் பாதியாக்கி மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஏற்றம் சீராக இருக்காது. மேலே இன்னொரு மதகு திறந்தால் திடீரென்று தூக்கும். அந்த மூன்று மணி இருட்டுக்குப் பிறகு முடிவதாக இருந்தால் பொழுது சாயும் முன்பே கிளம்பிவிடுங்கள். இரவில் திட்டிலிருந்து ஆட்களைப் படகில் ஏற்றுவது மீட்புக்கு வருகிறவர்களுக்கும் ஆபத்து. வழியும் வீட்டுக்கு முன்பே மூழ்கும். உங்கள் வீடு மேட்டில் இருந்தாலும் பாதையின் தாழ்வான இடம் எதுவோ, அதுதான் உங்கள் கெடு.

எடுத்துப் போக வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்: ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், மாத்திரைகள், செல்போன் சார்ஜர், டார்ச். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பலர் மறப்பது கேஸ் சிலிண்டரை. நிறைந்த சிலிண்டர்கூடத் தண்ணீரில் மிதக்கும். எரிவாயு தண்ணீரைவிட லேசு. மிதந்து போகும்போது டியூபைப் பிய்த்துக்கொண்டு போகும். ரெகுலேட்டரைக் கழற்றி, வாயில் மூடியைப் போட்டு, சன்னல் கம்பியோடு நிமிர்ந்த நிலையில் கட்டிவிடுங்கள்.

மாடுகளைக் கரைக்கு ஏற்றுவது முதல் நாளே நடக்க வேண்டும். வெள்ளம் சூழ்ந்த பிறகு மாட்டைத் தேடிப் படுகைக்குள் இறங்குவது உயிரோடு விளையாடுவது. எப்படியும் ஏற்ற முடியாமல் போனால் தும்பை அறுத்துவிட்டுக் கிளம்புங்கள். மாடு நன்றாக நீந்தும். கட்டிப் போட்ட மாடு நின்ற இடத்திலேயே செத்துப்போகும். ஆட்டுக்குட்டிகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆற்றோர மோட்டாரைக் கழற்றுவதற்கும் நாள் முதல் அறிவிப்பு வந்த நாள்தான். தண்ணீர் மோட்டார் மேடையைத் தொட்டுவிட்டால் அதை விட்டுவிடுங்கள். மோட்டாருக்குக் காயிலை மறுபடி சுற்றிக்கொள்ளலாம்.

கிளம்பும் வழியில் ஓடும் தண்ணீர் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்பதில்தான் நிறைய தப்புக் கணக்கு இருக்கிறது. தண்ணீரின் ஆழத்தை மட்டும் பார்க்கிறோம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஆளின் எடையில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீரே தாங்கிவிடும். காலடியில் பிடிப்பும் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். தள்ளும் விசை கூடி, பிடிப்பு குறைந்து, அடியில் பாசியோ சரளையோ இருந்தால் நீச்சல் தெரிந்த ஆளும் சாய்வார்.

வேகத்தை அளக்க ஒரு தேங்காய் மட்டை போதும். கரையோரமாகப் பத்து மீட்டர் அளந்துகொள்ளுங்கள், சாதாரண நடையில் பதின்மூன்று பதினான்கு எட்டு வரும். மட்டையை எறிந்து, அந்தத் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று எண்ணுங்கள். பத்து விநாடி என்றால் விநாடிக்கு ஒரு மீட்டர். ஆழத்தை மீட்டரில் வைத்து வேகத்தால் பெருக்கினால் வரும் எண் 0.6-ஐத் தாண்டினால் பெரியவர்களுக்கு ஆபத்து, 0.4-ஐத் தாண்டினால் குழந்தைகளுக்கு ஆபத்து. முழங்காலளவு, அதாவது அரை மீட்டர் தண்ணீரில் மட்டை எட்டு விநாடியில் பத்து மீட்டரைக் கடந்தால் பெருக்கல் 0.6-ஐத் தாண்டிவிட்டது. அதில் இறங்காதீர்கள். கலங்கல் தண்ணீரில் அடியில் இருக்கும் பள்ளம் தெரியாது என்பதால் இந்த எண்களையும் விளிம்புவரை நீட்டிப் பார்க்கக் கூடாது.

கார் கனமானது, தாங்கும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். சிறிய கார் ஒன்று ஆட்களோடு சேர்த்து 900 கிலோ என்று வைப்போம். அடிப்பாகம் தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் பரப்பு சுமார் ஐந்து சதுர மீட்டர். அடிப்பாகத்துக்கு மேலே 18 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினால் அது விலக்கும் நீர் 900 லிட்டர். கார் மிதக்கத் தொடங்க 35 சென்டிமீட்டர், முழங்காலுக்கும் குறைந்த தண்ணீர் போதும். மிதப்பதற்கு முன்பே டயரின் பிடி போய்விடும், ஓட்டம் பக்கவாட்டில் தள்ளும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் கைப்பிடிக் கம்பி தெரிகிறதே என்று நம்பவும் வேண்டாம். கம்பி நிற்கும், நடுவில் தளம் அரித்துப் போயிருக்கும். வெள்ளம் தூணின் அடிமணலைத் தோண்டுவது கண்ணுக்குத் தெரியாது. 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் இடிந்தன. கூட்டம் கூட்டமாகப் பாலத்தில் நின்று வெள்ளத்தைப் படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் வெள்ளை நுரையாகக் கொப்பளிக்கும் இடத்தில் யாரும் குளிக்கக் கூடாது. மேலேயிருந்து விழும் நீர் அடியில் போய், மேற்பரப்பில் திரும்ப அணைப் பக்கமே வரும். அதில் மாட்டியவரை அந்தச் சுழற்சி சுவரை நோக்கி மறுபடி மறுபடி இழுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் உடலும் வழக்கம்போல மிதக்காது. ஒரு முழம் உயரத் தடுப்பணையிலும் இது நடக்கும்.

யாராவது அடித்துச் செல்லப்பட்டால் கரையிலிருந்து நீட்டுங்கள், இல்லையென்றால் எறியுங்கள். குதிக்காதீர்கள். மூங்கில் கழி, முடிச்சுப் போட்ட வேட்டி, புடவை எதுவும் உதவும். நீட்டும்போது நீங்கள் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒருவர் உங்கள் காலைப் பிடிக்கட்டும். தலையை நீருக்கு மேல் வைத்திருக்க ஏழு கிலோ அளவு மிதவை போதும். மூடி இறுகிய ஐந்து லிட்டர் கேன் இரண்டைக் கயிற்றால் இணைத்தால் அது கிடைத்துவிடும். காலி கேனை எறிந்தால் காற்றில் திரும்பிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே விட்டு மூடினால் குறி தப்பாமல் போகும். கவிழ்த்துப் பிடித்த பிளாஸ்டிக் குடமும் நல்ல மிதவைதான், வாய் மேலே திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்களே அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, பாதத்தை நீர்மட்டத்துக்குத் தூக்கி வையுங்கள். நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கிலோ வேரிலோ பாதம் சிக்கினால் ஓட்டம் முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். நேரே கரைக்கு எதிர்நீச்சல் போடாமல், ஓட்டத்தோடு சாய்வாகக் கரைப் பக்கம் நகருங்கள். எதிரே கருவேல முள்மரம் மூழ்கிக் கிடந்தால் மட்டும் குப்புறத் திரும்பி, வேகமாக நீந்திப்போய் அதன் மேலே ஏறிவிட வேண்டும்; அடியில் போனால் கிளைகள் வலைபோலப் பிடித்துக்கொள்ளும்.

கரையேற்றிய ஆளுக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது இரண்டும் வேண்டாம். வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூற்றுக்குக் குறையாமல், 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்று, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள்.

கரை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உடைப்பு எடுப்பது பெரும்பாலும் தண்ணீர் கரைக்கு மேலே வழிந்து அல்ல. நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர்த்துளை வழியாகத் தண்ணீர் புகுந்து, கரையின் உள்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவரும். ஆகவே காவலுக்குப் போகிறவர்கள் கரை மேலே நடந்து ஆற்றைப் பார்ப்பதோடு நிற்காமல், வெளிப்புறச் சரிவின் அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கசிவு தெளிந்த நீராக வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரை கரைகிறது, அந்த நிமிடமே லஸ்கருக்கும் (கரையையும் மதகையும் கவனிக்கும் ஊழியர்) நீர்வளத் துறைக்கும் சொல்லிவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கும் அழையுங்கள்.

தரையில் மணலைக் கக்கிக்கொண்டு ஊற்றுக் கண் கிளம்பினால் அதன் வாயில் மூட்டையைப் போட்டு அடைக்காதீர்கள். அழுத்தம் வேறு இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிலும் வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் தேங்கவிடுங்கள். தேங்கும் நீரின் எடை ஊற்றை எதிர்த்து அழுத்தும். மணல் வருவது நின்று தெளிந்த நீர் வரும் உயரத்தோடு நிறுத்தி, வழிந்தோட ஒரு பக்கம் வாய் விடுங்கள். ஆற்றுப் பக்கம் வளையின் வாய் தெரிந்தால், விளிம்பில் மூட்டை கட்டிய தார்ப்பாயை மேலேயிருந்து சரியவிடலாம். நீரின் அழுத்தமே அதை ஓட்டையில் ஒட்டவைக்கும். இதற்காகத் தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது.

மூட்டையை முட்ட நிரப்பினால் உருண்டையாகி இடைவெளி விடும். உரச்சாக்கில் பாதிக்குச் சற்று மேல், 25 கிலோ அளவுக்கு நிரப்பி, வாயை மடித்து அடியில் வைத்து, காலால் மிதித்துத் தட்டையாக்குங்கள். செங்கல் கட்டுவதுபோல இணைப்பின் மேல் அடுத்த மூட்டையின் நடுப்பகுதி வர வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு அடியில் மூன்று அடி அகலம் வேண்டும். பத்து மீட்டர் நீளத்துக்கு ஓர் அடி உயர்த்த 120 முதல் 150 மூட்டை பிடிக்கும். ஊறிய கரை மேல் டிராக்டரில் மூட்டை கொண்டுவந்து, அந்தப் பாரத்திலேயே கரையைச் சரியவிடுவதும் உண்டு. கடைசித் தூரம் தலைச்சுமைதான்.

வெள்ளம் வடியும்போது காவலை விட்டுவிடுகிறார்கள். கரை சரிவது அப்போதும் அதிகம். நிறைந்து ஓடும்போது ஆற்று நீரே கரையை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. அது மளமளவென்று இறங்கினால் ஊறிய மண் தன் கனத்தில் ஆற்றுக்குள் சரியும். கரையின் நீளவாக்கில் விரல் நுழையும் வெடிப்பு தெரிந்தால் அங்கே ஆளும் வேண்டாம், மாடும் வேண்டாம்.

வீடு திரும்பியதும் தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அடுப்பு மேடை, விறகுக் குவியல், சுருட்டிய பாய் எல்லாவற்றையும் கழியால் தட்டிவிட்டுத் தொடுங்கள், பாம்பு ஒண்டியிருக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம், அசையாமல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு. ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

கிணற்றை இறைத்துவிட்டு, ஊறிய நீரின் அளவைக் கணக்கிடுங்கள். குறுக்களவு இரண்டு மீட்டர், நீர் நான்கு மீட்டர் என்றால் சுமார் 12,500 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வழக்கமான அளவு. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இரண்டு மடங்கு போடுங்கள், 60 கிராம் வரும். வாளியில் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் விட்டுவிட்டு இறைக்கலாம். லேசான குளோரின் வாடை இல்லையென்றால் மறுபடி போட வேண்டும். குடிக்கும் தண்ணீரை அதற்குப் பிறகும் சில வாரம் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

ஆறு தெளிந்து முட்டளவு ஓடும்போது பிள்ளைகள் துறைக்கு ஓடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த துறை அங்கே இருக்காது. வெள்ளம் படிக்கு அடுத்த மணலை வாரிக்கொண்டு போய் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் விட்டிருக்கும். மேலே பார்த்தால் அதே பச்சைத் தண்ணீர். பெரியவர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி, கரையில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மூங்கிலால் அடிக்கு அடி குத்திப் பார்த்து, பள்ளம் தொடங்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய கழியை நட்ட பிறகு பிள்ளைகளை இறக்குங்கள்.